கட்டட வேலையாட்களின் மனநலமும் குழுவின் உற்சாகமும்: மட்டக்களப்பு, அம்பாறை வேலைத்தளங்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஆண்டுக்கு ஒரு தடவை வேன் பிடித்து ஆட்களைப் பாசிக்குடாவுக்குக் கூட்டிச் சென்று, புரியாணி கொடுத்து, குழுவாகப் படம் எடுத்துக்கொள்வதோடு தொழிலாளரின் மனநலத்துக்குரிய கடமை முடிந்தது என்று எண்ணும் கொந்தராத்துக்காரர்கள் நம் கரையோரத்தில் உண்டு. பயணம் நல்லதுதான். ஆனால் அந்தக் கிழமைச் சம்பளம் இன்னும் கைக்கு வராத கையாளுக்கு, அதாவது மேசனுக்கு உதவியாக நிற்பவருக்கு, கடலில் குளிக்கும்போதும் திங்கட்கிழமை வீட்டு வாசலில் வந்து நிற்கப்போகும் நுண்கடன் கம்பனிக்காரரின் முகமே கண்ணுக்குள் நிற்கும். ஆகவே இந்த வழிகாட்டியில் சம்பளம், தண்ணீர், மரியாதை ஆகியன முதலில் வருகின்றன. பேச்சும் உளவளத்துணையும் வைத்தியமும் அவற்றுக்குப் பின்னர் வருகின்றன. ஐந்து பேர் முதல் முப்பது பேர் வரை வைத்து வேலை செய்யும் தலைமை மேசன்மாரையும் சிறு கொந்தராத்துக்காரரையும் மனத்திற்கொண்டு இது எழுதப்பட்டுள்ளது.

கட்டடத் தொழிலில் மனநெருக்கீடு மிகுதி என்பது பிற நாடுகளிலும் பதிவாகியுள்ளது. இங்கிலாந்தில் 2011 முதல் 2015 வரை நிகழ்ந்த தற்கொலை மரணங்களைத் தொழில்வாரியாக ஆராய்ந்த அந்நாட்டுத் தேசியப் புள்ளிவிபர அலுவலகம், கட்டடத் துறையில் சாதாரண வேலையாட்களாக உள்ள ஆண்களிடையே அந்த அபாயம் எல்லா ஆண்களுக்குமான சராசரியைப் போல 3.7 மடங்கு என்று கண்டது. நம் மாவட்டங்களில் இதற்கு மேலும் சில சுமைகள் சேர்கின்றன. நாட்சம்பளமே வழக்கம், மாரி தொடங்கினால் வேலை நின்றுவிடும். நாற்பது வயதைத் தாண்டிய மேசன் ஒருவர் போரையும் 2004 டிசம்பர் 26இன் சுனாமியையும் கண்ணால் கண்டவராகவே இருப்பார். அதன் பின்னர் கல்லடி முதல் திருக்கோவில் வரை எழுந்த வீட்டுத்திட்டங்களில் கல் சுமந்து தொழில் பழகியவர்களும் பலர். 2022இல் 50 கிலோ சீமெந்துப் பையின் விலை 3,000 ரூபாவைத் தாண்டி, பாதிச் சுவரோடு வீடுகள் நின்றபோது, கட்டாருக்கோ சவூதிக்கோ போகக் கடன்பட்டவர்களும் இந்தத் தொழிலாளரிடையே இருக்கின்றனர்.

படி 1: ஆளை அறிந்து வேலைக்கு எடுத்தல்

ஒரு கொப்பி போதும். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பெயர், ஊர், வீட்டுத் தொலைபேசி இலக்கம், அது கிடைக்காவிட்டால் அழைக்க வேண்டிய இன்னொருவரின் இலக்கம், நீரிழிவு, பிரஷர், வலிப்பு போன்ற நோய்கள், மாதத்தில் எந்த நாள் கிளினிக் என்பன எழுதப்பட வேண்டும். படுவான்கரையிலிருந்து மண்முனைப் பாலத்தால் சைக்கிளில் வரும் ஒருவர் காலையில் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படுகிறார் என்பதையும் கேட்டு வைப்பது நல்லது. அவர் அரை மணி நேரம் பிந்தி வரும்போது ஏசுவதா, விசாரிப்பதா என்பதை அந்த ஒரு வரி தீர்மானிக்கும். கொப்பியில் நோய் விபரம் இருப்பதால் அதனைச் சீமெந்துப் பைகளின் மேல் போட்டுவைக்காமல் பொறுப்பானவரே தம்மிடம் வைத்திருக்க வேண்டும்.

படி 2: சம்பளக் கணக்கைச் சீராக்குதல்

இந்த வழிகாட்டியில் ஒரேயொரு படியைத்தான் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால், இதனைச் செய்யுங்கள் என்பேன்.

முதலாவதாக, சம்பளம் கொடுக்கும் நாளும் நேரமும் மாறக் கூடாது. சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணி என்றால் நான்கு மணிதான். வீட்டுச் சொந்தக்காரரிடமிருந்து பணம் வராது என்று தெரிந்தால் அதனை வியாழக்கிழமையே ஆட்களுக்குச் சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமை ஆறு மணி வரை காக்க வைத்துவிட்டு “திங்கள் பார்ப்பம்” என்று சொல்வதால் ஏற்படும் கசப்பு, காசு கிடைத்த பின்னும் போகாது. வியாழனே தெரிந்தவர் கடைக்காரரிடம் தவணை கேட்பார், மனைவியிடம் சொல்லி வைப்பார், ஞாயிறு பார்க்கக்கூடிய சிறு வேலை ஒன்றைத் தேடிக்கொள்வார். தெரியாமலிருப்பதுதான் ஆளை அரிக்கிறது.

இரண்டாவதாக, கணக்கு எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை நாள் வேலை, எவ்வளவு முற்பணம், மீதி எவ்வளவு என்று மூன்று வரியில் ஒரு துண்டு எழுதிக் கொடுங்கள். வாசிக்கச் சிரமப்படுபவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பூச்சு வேலையையும் தரை ஓடு பதிப்பதையும் சதுர அடிக் கணக்கில் கொடுப்பவர்கள், அளக்கும்போது வேலை செய்தவரையும் நாடாவின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்ல வேண்டும். யன்னல், கதவு வெளிகளைக் கழிப்பதா இல்லையா என்பது வேலை தொடங்குமுன்னரே பேசி முடிக்கப்பட வேண்டிய விடயம். வேலைத்தளச் சண்டைகள் பல இந்த வெளிகளில்தான் தொடங்குகின்றன.

மூன்றாவது, மாரிக்கான ஏற்பாடு. நொவெம்பரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை நம் பக்கத்தில் அடித்தளம் வெட்டவும் விடாது, வெளிப்பூச்சுப் பூசவும் விடாது. இது எதிர்பாராத இடர் அன்று; ஆண்டுதோறும் வருவது. எனவே உட்பூச்சு, தரை ஓடு, வயரிங், கதவு நிலைகளுக்கான ஓடாவி வேலை போன்ற கூரைக்குக் கீழே செய்யக்கூடியவற்றைக் கோடையில் அவசரப்பட்டு முடித்துவிடாமல் மாரிக்கென்று ஒதுக்கி வைப்பது கெட்டிக்காரத்தனம். வேலை குறைவாக இருக்கும்போது நான்கு பேருக்கு முழு வேலையும் மற்ற நால்வருக்கு வெறுங்கையும் என்றிராமல், எட்டுப் பேருக்கும் கிழமைக்கு மூன்று நாள் என்று முறைவைத்துக் கொடுக்கலாம். விரும்புபவர்கள் மே மாதத்திலிருந்து கிழமைதோறும் ஒரு தொகையைத் தம் பெயரில் சேமித்து நொவெம்பரில் எடுக்கும் ஒழுங்கும் பயன்படும். ஆனால் அந்தப் பணம் கொந்தராத்துக்காரரின் பையில் இருக்கக் கூடாது. அவரவர் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும்.

சட்டப்படியான கொடுப்பனவுகளும் இதனோடு சேர்ந்தவையே. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதியத்துக்குத் தொழில்வழங்குநர் 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் செலுத்த வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குத் தொழில்வழங்குநர் மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். முதுமையில் என்ன செய்வது என்ற பயம் ஐம்பது வயது மேசனின் நித்திரையைக் கெடுக்கும். தம் பெயரில் ஒரு கணக்கு வளர்கிறது என்று அறிவது அந்தப் பயத்துக்கு நேரடி மருந்து.

படி 3: தண்ணீர், நிழல், மலசலகூடம்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் சுடுமணலில் நின்று கலவை குழைப்பவருக்கு வரும் எரிச்சலையும் கோபத்தையும் குணக்கேடு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உடலில் நீர் குறைந்தாலே சினமும் கவனக்குறைவும் வரும். 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு குவளை, அதாவது ஏறக்குறைய 250 மில்லிலீற்றர், தாகம் எடுக்குமுன்னரே குடிக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்துக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். கேற்றடியில் குடம் இருந்தால் யாரும் இறங்கி வரமாட்டார்கள். பிளேன்டீ இதற்கு ஈடாகாது. மிகுதியாக வியர்ப்பவருக்கு ஜீவனிப் பைக்கற்றுகள் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) சில கையிருப்பில் இருக்கட்டும். முடிந்தால் காலை ஆறரைக்குத் தொடங்கி, உச்சி வெயிலில் நீண்ட இடைவேளை விட்டு, பின்னேரம் தொடரலாம்.

பெண்கள் கல் சுமக்கவும் மண் அரிக்கவும் வரும் தளங்களில் தாழ்ப்பாள் உள்ள மலசலகூடம் கட்டாயம் வேண்டும். அது இல்லாத இடத்தில் அவர்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்பதைப் பல மேற்பார்வையாளர்கள் கவனிப்பதேயில்லை.

படி 4: காலையில் பத்து நிமிடம்

வேலை தொடங்குமுன் எல்லோரும் நிழலில் நின்று பேசும் பத்து நிமிடத்தில் மூன்று விடயங்கள் இடம்பெற வேண்டும்: இன்று யார் எதைச் செய்வது, அதில் எங்கே ஆபத்து, யாருக்காவது இன்று உடம்போ மனமோ சரியில்லையா. மூன்றாவது கேள்விக்கு முதல் சில கிழமைகள் பதில் வராது, எல்லோரும் சிரிப்பார்கள். அதற்காக விட்டுவிட வேண்டாம். “இரவு நித்திரை இல்லாத ஆக்கள் இண்டைக்கு மேல ஏற வேணாம், கீழ கம்பி கட்டுங்க” என்று தலைமை மேசன் சாதாரணமாகச் சொல்லிவருவாரானால், சம்பளம் குறையாது என்பதும் உறுதியானால், ஒரு நாள் ஒருவர் கையை உயர்த்துவார். அன்று அவரைக் கேலி செய்தவரைத் தனியே அழைத்துக் கண்டிப்பது தலைமை மேசனின் வேலை.

மேல்தளக் கொங்கிறீட் போடும் நாளில் இந்தக் கூட்டம் இன்னும் முக்கியம். தொடங்கினால் நிறுத்த முடியாத வேலை அது; தாச்சி கைமாறும் வரிசையில் ஒருவர் தளர்ந்தாலும் எல்லோரும் தளர்வார்கள். இடையில் மாற்றிவிட இரண்டு பேரை மேலதிகமாக வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டையும் முறைவைத்துக் கொடுங்கள்.

படி 5: தூசணமும் தொழிற்பெருமையும்

கையாளைத் தூசணத்தால் ஏசித்தான் வேலை வாங்க முடியும் என்பது நம் தளங்களில் ஊறிப்போன நம்பிக்கை. அப்படி ஏச்சு வாங்கிப் பழகியவர்களே பின்னர் மேசனாகி அதையே செய்கிறார்கள். பிழையைச் சுட்டிக்காட்டலாம், சுவரை இடித்துத் திரும்பக் கட்டச் சொல்லலாம். தாயையும் சாதியையும் ஊரையும் இழுக்கக் கூடாது என்பதை விதியாகவே அறிவித்துவிட வேண்டும்.

மறுபுறம், தொழில் பழகும் வாய்ப்பைப் போல இளைஞரின் மனத்தை நிமிர்த்துவது வேறொன்றில்லை. சாந்தகப்பையைக் கையில் கொடுத்து, பின்பக்கச் சுவரில் ஒரு மூலையைக் கட்டவிட்டு, தூக்குக்குண்டை அவனையே பிடித்துப் பார்க்கச் சொல்லும் அரை மணி நேரம் செலவான நேரமாகாது. ஓரளவு பழகியவரைத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க அனுப்பலாம். முன் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் முறையும் உண்டு. நிலை வைக்கும் நாளில் ஓடாவியாருக்கு வேட்டி, சால்வை கொடுத்துக் கௌரவிக்கும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தத் தட்டில் கையாள்மாருக்கும் ஏதாவது இருக்கும்படி வீட்டுக்காரரிடம் சொல்லி வைப்பதில் குறைந்துபோவது ஒன்றுமில்லை.

படி 6: கலந்து வேலை செய்யும் குழுவுக்கு ஒரு நாட்காட்டி

ஏறாவூர் மேசனும் வந்தாறுமூலைக் கையாளும் அம்பாறைச் சிங்கள வயரிங்காரரும் ஒரே தளத்தில் நிற்பது வழமை. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கான நேரம், நோன்பு மாதத்தில் பாரமான வேலையை முற்பகலில் முடித்தல், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கான நாட்கள், ஆடி அமாவாசையில் மாமாங்கத் தீர்த்தம், வெசாக், நத்தார் எல்லாவற்றையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே குறித்துச் சுவரில் ஒட்டிவிட்டால், லீவு கேட்பது கெஞ்சலாகாது. ஒருவர் பண்டிகைக்கு மற்றவர் நின்று வேலை பார்ப்பதும் தானாக அமையும். டிசம்பர் 26ஐயும் அதில் குறியுங்கள். அன்று வேலைக்கு வர விரும்புபவர் வரலாம். வராதவரிடம் காரணம் கேட்க வேண்டியதில்லை.

ஊரில் இனமுறுகல் ஏற்படும் நாட்களில் காலைக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசாமல் விடுவது சரியன்று. “வெளியில என்ன நடந்தாலும் இந்தத் தளத்துக்குள்ள அது வராது” என்று தலைமை மேசன் ஒரு வசனம் சொன்னால் போதும். வீடு போய்ச் சேரும் வழி பாதுகாப்பானதா என்று அவரவரிடம் கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

படி 7: மாற்றத்தைக் கவனித்தல்

மனச்சோர்வு நம் ஆட்களிடம் அழுகையாக வெளிப்படுவது குறைவு. தலையிடி, நாரிப் பிடிப்பு, நெஞ்சுப் படபடப்பு, உடம்பு ஏலாமை, சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்காமலே திருப்பிக் கொண்டுபோதல், கம்பி அளவை இரண்டு முறை பிழையாக வெட்டுதல், எப்போதும் பகிடி விடுபவர் வாய் திறவாமலிருத்தல் எனப் பல உருவங்களில் அது வரும். இவை இரண்டு கிழமைக்கு மேல் பெரும்பாலான நாட்களில் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும். கிரைண்டர் சத்தத்துக்கோ வெடிச் சத்தத்துக்கோ திடுக்கிட்டு நடுங்குபவரைப் பார்த்து எவரும் சிரிக்கக் கூடாது.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2008இல் தொடங்கிய ‘மேட்ஸ் இன் கன்ஸ்ட்ரக்ஷன்’ திட்டத்தில், வேலையாட்களுள் நம்பிக்கைக்குரிய சிலருக்குப் பயிற்சி அளித்து, நெருக்கடியில் இருப்பவரை உதவியிடம் சேர்ப்பவராக அவர்களை வைத்திருக்கிறார்கள். நம் குழுக்களிலும் அப்படியொருவரைத் தெரிவு செய்யலாம். அவர் முதலாளியின் மைத்துனராகவோ சம்பளம் எழுதுபவராகவோ இருக்கக் கூடாது. இளையவர்கள் தாமாகவே பக்கத்தில் போய் உட்காரும் ஆளாக இருக்க வேண்டும்.

படி 8: தனியே பேசுதல்

பேச்சை எல்லோர் முன்னிலையிலும் தொடங்க வேண்டாம். தேத்தண்ணி நேரத்தில் மணல் கும்பியின் மறுபக்கம் இருவரும் பக்கம் பக்கமாக உட்கார்ந்து பேசுவது, முகம் பார்த்துப் பேசுவதை விட ஆண்களுக்கு இலகு. கண்டதைச் சொல்லித் தொடங்குங்கள்.

“தம்பி, ரெண்டு மூணு கிழமையா நீ வடிவா சாப்பிடுறதும் இல்ல, கதைக்கிறதும் இல்ல. ஏதும் கரைச்சலா?”

“ஒண்டுமில்ல அண்ணன். உடம்புதான் ஏலாம கிடக்கு.”

“சரி. நித்திரை வருதா?”

இந்த மூன்றாவது வரி முக்கியமானது. ‘ஒண்டுமில்ல’ என்ற பதிலோடு எழுந்து போய்விடாமலும், அதை மறுக்காமலும், பதில் சொல்ல வெட்கமில்லாத ஒரு கேள்விக்கு அது நகர்கிறது. நித்திரையைப் பற்றி யாரும் பேசுவார்கள். அதிலிருந்து கடனோ, வீட்டுச் சண்டையோ, குழந்தையின் நோயோ மெல்ல வரும். வரும்போது புத்தி சொல்லாதீர்கள். “எல்லாருக்கும் உள்ளதுதானே”, “ஆம்பிளை தைரியமா இருக்கணும்”, “கோயிலுக்குப் போ, சரியாகும்” ஆகிய மூன்றும் வாயை மூடச் செய்யும் வசனங்கள். இன்று வரை என்ன செய்து பார்த்தாய், இப்போது எது மிகவும் அவசரம் என்று கேட்டால் போதும். கேட்டதை வேறு எவரிடமும் சொல்லக் கூடாது; உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் இதற்கு விலக்கு உண்டு, அதையும் அவரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

படி 9: உயிர் ஆபத்து இருக்குமிடத்தில்

“நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி” என்ற விதமான பேச்சைக் கேட்டால், அல்லது ஒருவர் தம் தொழிற்கருவிகளையும் கைபேசியையும் காரணமின்றிப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினால், நேராகக் கேளுங்கள்: “செத்துப் போகலாம் எண்டு நினைப்பு வருதா மனே?” இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது, பலருக்கு அது ஆறுதலையே தரும். ஆம் என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடக் கூடாது, தனியே வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. குடும்பத்தில் அவர் நம்பும் ஒருவரை அழைத்து, ஒருவர் கூடவே இருந்து, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். உடனடி ஆபத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ் உண்டு.

வயல் செய்யும் வீடுகளில் கிருமிநாசினியைப் பூட்டி வைக்கவோ அயல்வீட்டில் ஒப்படைக்கவோ குடும்பத்தாரிடம் சொல்லுங்கள். 1990களின் நடுப்பகுதியில் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்த நாடுகளுள் ஒன்றாக இருந்த இலங்கையில், கடும் நஞ்சான கிருமிநாசினிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்ட பின்னர் அந்த வீதம் பெருமளவு குறைந்தது. கைக்கெட்டாத தூரம் உயிரைக் காக்கிறது. பொலிஸ் வழக்காகிவிடும் என்று பயந்து மறைக்கவும் வேண்டியதில்லை. தற்கொலை முயற்சி 1998 முதல் இலங்கையில் குற்றமன்று.

படி 10: சிகிச்சையோடு வேலையைப் பொருத்துதல்

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் பிற பெரிய அரச வைத்தியசாலைகளிலும் மனநல சிகிச்சை இலவசம். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்களைச் சந்திக்கலாம். கிளினிக் நாளில் அரை நாள் சம்பளத்தோடு விடுவது பெரிய உதவி. நூல் கட்டவோ பார்வை பார்க்கவோ குடும்பத்தார் விரும்பினால் அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். மருந்தை நிறுத்தாமல் இரண்டையும் செய்யட்டும். மனச்சோர்வுக்கான மருந்து வேலை செய்யச் சில கிழமைகள் எடுக்கும், சில மருந்துகள் தொடக்கத்தில் தூக்கக் கலக்கம் தரும். ஆகையால் அந்தக் காலத்தில் அவருக்குச் சாரக்கட்டிலும் கிரைண்டரிலும் வேலை கொடுக்காமல், அதே சம்பளத்துக்குத் தரையில் வேலை கொடுக்க வேண்டும். சுகமாகித் திரும்புபவரை ‘அங்கொடைக்காரன்’ (அங்கொடை மனநல வைத்தியசாலைக்குப் போனவன்) என்று பட்டஞ்சூட்டுவதை முதல் நாளே தடுத்துவிட வேண்டும்.

குடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், சம்பளத்தின் ஒரு பகுதியாகச் சாராயம் வாங்கிக் கொடுக்கும் பழக்கத்தை முதலாளிமார் நிறுத்த வேண்டும். குடித்துவிட்டு வந்தவரை மேலே ஏற்றக் கூடாது, அன்று வேலையும் இல்லை. ஆனால் மறுநாள் வேலை உண்டு. நாள்தோறும் கடுமையாகக் குடித்துவந்தவர் திடீரென முற்றாக நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம் என்பதால், வைத்தியரிடம் காட்டியே நிறுத்தச் சொல்லுங்கள்.

படி 11: விபத்துக்குப் பின்

ஒருவர் விழுந்து பலத்த காயமடைந்தாலோ இறந்தாலோ அன்றைய வேலையை நிறுத்துங்கள். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி பார்த்தல், கேட்டல், இணைத்தல் என்று மூன்று செயல்களைச் சொல்கிறது: யார் நடுங்குகிறார், யார் விறைத்துப்போய் நிற்கிறார் என்று பார்ப்பது, சொல்ல விரும்புவதைக் கேட்பது, சொல்லும்படி வற்புறுத்தாமலிருப்பது, குடும்பத்தோடும் உதவிகளோடும் இணைப்பது. இரத்தத்தைக் கண்டவர்களைத் தனியே சைக்கிளில் அனுப்பாமல் வீடு வரை கொண்டுபோய் விடுங்கள். குடும்பத்துக்குச் செய்தியைத் தொலைபேசியில் சொல்லாமல் இருவர் நேரில் சென்று சொல்ல வேண்டும்.

காயப்பட்டவருக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி உரித்து உண்டு. அதைத் தாமதமின்றித் தொடங்கிவைப்பதை மற்ற வேலையாட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தமக்கு ஏதும் நடந்தால் இந்த ஆள் என்ன செய்வார் என்பதை அன்றுதான் அவர்கள் முடிவு செய்கிறார்கள். எட்டாம் நாளுக்கும் முப்பத்தொராம் நாளுக்கும், முஸ்லிம் வீடென்றால் கத்தத்துக்கும், குழுவாகப் போங்கள். விழுந்த அதே இடத்தில் மறுபடி வேலை தொடங்குமுன் சாரக்கட்டு முழுவதையும் எல்லோர் முன்னிலையிலும் பிரித்துச் சோதித்துக் கட்டுங்கள். அங்கு ஏற மனமில்லாதவரைச் சில கிழமைகள் வற்புறுத்தாதீர்கள்.

படி 12: தலைமை மேசனும் கொந்தராத்துக்காரரும்

மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்ய வேண்டியவருக்கே நித்திரை இல்லாமலிருக்கலாம். வீட்டுக்காரர் காசு தராமல் இழுக்கிறார், கடைக்காரர் சீமெந்துக் கடனைக் கேட்கிறார், ஆட்களோ சனிக்கிழமையை எதிர்பார்த்து நிற்கிறார்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து, அடித்தளம், லிண்டல், கூரை, பூச்சு எனக் கட்டத்துக்கொரு தொகை முன்கூட்டியே கிடைக்கும்படி பேசிக்கொண்டால் இந்த நெருக்கீட்டில் பெரும்பகுதி குறையும். அதே ஊரில் தொழில் செய்யும் இன்னொரு கொந்தராத்துக்காரரைப் போட்டிக்காரராக மட்டும் பார்க்காமல், மாதம் ஒரு தடவை உட்கார்ந்து கதைப்பவராக வைத்துக்கொள்ளுங்கள். வேலை குறைந்த காலத்தில் ஆட்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளவும் அந்தப் பழக்கம் உதவும். 1926 என்ற இலக்கம் வேலையாட்களுக்கு மட்டும் உரியதன்று. ஏழாம் படியில் சொன்ன அறிகுறிகள் உங்களிடம் இரண்டு கிழமையாகத் தொடர்ந்தால், கொப்பியில் உங்கள் பெயருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிக் கிளினிக் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று தளத்தைப் பார்த்துக்கொள்ளப்போகும் மேசன் யார் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.